கொதிக்காத வண்டி

ஏனுங்கண்ணா, தண்ணி கொதிச்சா சத்தம் வருமா வராதா?

சும்மா சொல்லுங்க. அடுப்புல தண்ணி வெச்சிருக்கு, கொதிக்குது. சத்தம் வரும். மூடியைத் தூக்கித் தூக்கிப் போடும். பக்கத்துல போனா ஆவி மூஞ்சியில அடிக்கும். இதுக்கெல்லாம் பெரிய படிப்பு படிச்சிருக்கணுங்களா? நான் பன்னெண்டாவது, அதுவும் எங்க ஊரு பள்ளிக்கூடத்துல. எனக்கே தெரியுது. இந்த ஊர்ல வண்டி தெரிஞ்ச பெரிய மனுசங்க ஒருத்தருக்கும் நாலு மாசமாத் தெரியலீங்க.

உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. தாராபுரத்துல இருந்து பஸ்ஸுல வந்து, மெயின்ரோட்டுப் பிரிவுல எறங்கி, அந்த வெயில்ல நடந்து வேற வந்திருக்கீங்க. மோரு கொண்டாறேன், இருங்க.

குடிங்க. உப்புப் போதுங்களா? சரி.

எங்க வீட்டுக்காரரு முத்தூர்ல ஒரு வீட்டுக்குக் கம்பி கட்டிட்டு இருக்காரு. நாளைக்கு மேல்தளம் போடறாங்களாம், அதனால இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். போறப்பவே சொல்லிட்டுத்தான் போனாரு. "இந்து, கார் பார்க்க ஒருத்தர் வருவாரு. சாவியைக் குடு, வண்டியைக் காட்டு, வாயை மட்டும் திறக்காத." வாயைத் திறக்காம உங்களுக்கு மோரு வேணுமான்னு எப்படிங்க கேக்கறது? அதையும் அவரே சொல்லியிருக்கணும்.

வண்டியைச் சுத்திப் பார்த்துட்டீங்கல்ல? பதினாலு வருச வண்டி. பின் கதவுல ஒரு கீறல் இருக்கு, அது நான் போட்டது. கேட்டு மேல உரசுனது. நான் எதையும் ஒளிக்கமாட்டேன். ஒளிச்சுப் பேசற பழக்கம் எனக்குப் பொறந்ததுல இருந்தே கெடையாது. அதனால முன்னாடியே சொல்லிடறேன். விக்கணுங்கறது அவரு முடிவு. என்னைக் கேட்டா எனக்கு இந்த வண்டி வேணும்.

ஏன்னு கேக்கறீங்களா? நீங்க இன்னிக்கு வந்தீங்களே ஒரு பஸ்ஸு, அது ஒரு நாளைக்கு மூணு தடவை வரும். மழை பேஞ்சா ரெண்டு தடவை. கல்யாணமாகி ஒம்பது வருசம் நான் அதை நம்பித்தான் இருந்தேன். எங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணினாங்க. இவருக்கு லீவு கெடைச்சு, பஸ்ஸு கெடைச்சு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள கண்ணுக் கட்டைப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "இப்பத்தான் வர்றியா, வா, உன்னை நல்லாத் தெரியுது"ங்குது எங்கம்மா.

போன வருசம் இந்த வண்டி வாங்கினோம். தை மாசம் நான் லைசென்ஸ் எடுத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசுல பின்னாடி எடுக்கச் சொன்னாங்க. எனக்கு முன்னால போன மூணு ஆம்பளைங்க கம்பத்துல இடிச்சாங்க. நான் இடிக்கலை. அப்புறம் பெரியவ தன்யஸ்ரீயை, நடு வருசம்னுகூடப் பார்க்காம, எட்டு கிலோமீட்டர் தள்ளி நல்ல பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். சின்னவளை மடியில கட்டாத குறையா பின்னாடி சீட்டுல வெச்சு, காத்தால கொண்டுபோய் விட்டுட்டு, பொழுதோட கூட்டியாந்துருவேன். நடுவுல அம்மா வீட்டுக்குப் போயிட்டு சோறு ஆறுறதுக்குள்ள வந்துருவேன். யாரையும் கேக்க வேண்டியதில்லை. சாவியை எடுத்தமா, போனமா. அந்த ருசி உங்களுக்குச் சொன்னா வெளங்காதுங்க. நீங்க ஆம்பளை, பொறந்ததுல இருந்தே போயிட்டு வந்துட்டு இருக்கீங்க.

வண்டி போச்சுன்னா நான் மறுபடியும் பிரிவுல பஸ்ஸுக்கு நிக்கணும். அவ்வளவுதான் விசயம்.

சரி, வெளக்கு சமாச்சாரத்துக்கு வர்றேன். நீங்க போன்லயே கேட்டீங்களாமே, "எஞ்சின் சூடாகுதுன்னு ஒரு வெளக்கு எரியுமாமே"ன்னு. இவரு உண்மையைச் சொல்லித்தான் விப்பேன்னு அதையும் சொல்லியிருக்காரு. நல்ல மனுசன். உண்மை என்னன்னு தெரியாமயே உண்மையைச் சொல்ற மனுசன்.

சித்திரையில எங்க ஊரு மாரியம்மன் நோம்பி, தேரு ஓடும். வீடு பூரா ஒறம்பரை, ரெண்டு பக்கத்துச் சொந்தமும். இவரோட அக்கா, கலாமணி நங்கையா, காங்கயத்துல இருந்து வந்தாங்க. வாசல்ல வண்டி நிக்குது. நங்கையா முன்னாடி போய் நின்னு பார்த்தாங்க. பின்னாடி போய் நின்னு பார்த்தாங்க. கண்ணாடிகிட்டக் குனிஞ்சு உள்ள பார்த்தாங்க. அப்புறம் மோவாயில கையை வெச்சு, "இந்துமதீ, நீயா ஓட்டறே? பரவால்லையே! எங்கூட்டுக்காரரு இன்னும் மொபெட்டைத்தான் உருட்டிட்டுத் திரியறாரு"ன்னாங்க.

சொன்னது அவ்வளவுதான். தங்கமான மனுசிங்க, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் "பரவால்லையே"யை எப்படிச் சொன்னாங்கன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? இழுத்தாங்க. அந்த இழுப்புல மரத்துல இருக்கற எலுமிச்சங்காயே வாடிப்போயிரும்.

நான் சும்மா இருப்பேனா? அன்னிக்குப் பொழுதோடவே படிகாரத்தைக் கறுப்புத் துணியில முடிஞ்சு, ஒரு எலுமிச்சம்பழம், நாலு காஞ்ச மொளகா, எல்லாத்தையும் சேர்த்து வண்டி மூக்குல கட்டினேன். கயித்துல கட்டினா ரோட்டுல அத்துக்கிட்டுப் போயிரும். கம்பி கட்டறவரு வீட்டுல கட்டுக்கம்பிக்கு என்னங்க பஞ்சம்? செவுத்தோரம் ஒரு சுருளே கெடந்துச்சு. ஒரு முழம் வெட்டி, முன்னாடி ஓட்டை வழியா உள்ள விட்டு, கைக்கு என்ன கெடைச்சுதோ அதையெல்லாம் சேர்த்து வளைச்சு, அவரு கம்பி முறுக்கற கொக்கியைப் போட்டு நாலு முறுக்கு. கல்யாணமான புதுசுல அவருகூட வேலைக்குப் போனவ நான். என் முறுக்கு அவுராதுங்க. அவரே நாலு பேருகிட்டச் சொல்லியிருக்காரு.

மூணாவது நாள். பெரியவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்லாத்தான் போயிட்டிருக்கு. ஒரு வேகத்தடை ஏறி எறங்குச்சு. அவ பின்னாடி இருந்து, "அம்மா, செவப்பு"ன்னா. பார்த்தா வெளக்கு எரியுது. பக்கத்துல சூட்டைக் காட்டற முள்ளு, எப்பவும் நடுவுல சிவனேன்னு கெடக்கும், அது டக்குன்னு உச்சியில போய் நிக்குது. ஓரங்கட்டி, ரெண்டையும் எறக்கி ஒரு வேப்பமரத்துக்கு அடியில நிக்க வெச்சுட்டு இவருக்குப் போன் போட்டேன். கையில சிமெண்டோட வந்தாரு.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"எப்போ?"

"திங்கக்கெழமை."

ஆற விட்டு, மூடியைத் திறந்து பார்த்தாரு. தண்ணி ததும்பத் ததும்ப இருக்கு. "அப்புறம் ஏன் கொதிக்குது?"

"கொதிக்கலீங்க மாமா. சத்தமே வரலை. ஆவியும் வரலை."

"உனக்குத் தெரியுமா, வண்டிக்குத் தெரியுமா?"

இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? புள்ளைங்களை வண்டியில ஏத்தினேன்.

வண்டியைக் கொண்டுபோய் ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பட்டறையில விட்டோம். மெக்கானிக்குன்னா அவருதான் இந்தப் பக்கத்துல. கை சுத்தம், வேலை சுத்தம். கேள்வி கேட்டா மட்டும் புடிக்காது. முன்பக்கத்தைக் கழட்டினாரு, என்னோட படிகார முடிச்சை அவுத்து சீட்டு மேல வெச்சாரு, தெர்மோஸ்டாட்டுன்னு ஒண்ணை மாத்தினாரு. சூடானதும் தண்ணிக்கு வழிவிடற கதவு மாதிரியாம் அது. "இனி வராதும்மா"ன்னாரு. ஓட்டிட்டு வந்தேன். வரலை. முள்ளு நடுவுல சாதுவா நிக்குது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, சீட்டு மேல கெடந்த முடிச்சை எடுத்துப் பழையபடி மூக்குல கட்டினேன். அஞ்சு முறுக்கு. ரெண்டு நாளு கழிச்சு வெளக்கு.

மறுபடி பட்டறை. இந்தத் தடவை ரேடியேட்டரையே எறக்கி அலசிக் கழுவினாரு. முடிச்சு சீட்டு மேல. ஓட்டிட்டு வந்தேன், வெளக்கு வரலை. வெள்ளிக்கெழமை புது எலுமிச்சம்பழம் வெச்சுக் கட்டினேன். சனிக்கெழமை வெளக்கு. மூணாவது தடவை தண்ணி பம்பு மாத்தினாரு. முடிச்சு சீட்டு மேல. அமாவாசைக்குக் கட்டினேன். அடுத்த நாளு வெளக்கு.

நான் கணக்கா காலண்டர்ல வட்டம் போட்டுட்டு வந்தேங்க. பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே எனக்கு அந்தப் பழக்கம். போட்டுப் பார்த்தா, எல்லா வட்டமும் நல்ல நாளை ஒட்டித்தான், நோம்பிக்கு அடுத்து, வெள்ளிக்கு அடுத்து, அமாவாசைக்கு அடுத்து. இவருகிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். "பாருங்க மாமா, கண்ணுன்னா இப்படித்தான் நாள் பார்த்து வேலை செய்யும்"னேன். அவரு காலண்டரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, சோத்தைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டாரு.

அப்புறம் நான் ஒரு வேலை பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாதுதான். நங்கையாவுக்குப் போன் போட்டேன்.

"நங்கையா, ஒண்ணு கேட்டா வருத்தப்படக் கூடாது."

"கேளு கண்ணு."

"நோம்பியன்னிக்கு எங்க வண்டியைப் பார்த்தீங்களே. வீட்டுக்குப் போயிக் கண்ணைக் கழுவினீங்களா?"

நான் நல்லவிதமாத்தான் கேட்டேன். அவங்க, "போனை எந்தம்பிகிட்டக் குடு"ன்னாங்க. குடுத்தேன். இவரு வாசலுக்குப் போய்ப் பேசிட்டு வந்தாரு. மூணு நாளு எங்கிட்டப் பேச்சே இல்லை. இப்ப ஆவணி பொறந்ததும் சின்னவளுக்குக் காது குத்தினோம். சொந்த அத்தை, வரலீங்க. எடுத்து வெச்சிருந்த பட்டுப்பாவாடையைக் காங்கயத்து பஸ்ஸுல கண்டக்டருகிட்டக் குடுத்தனுப்பிட்டாங்க. இவரு போய் வாங்கிட்டு வந்து, பீரோ மேல வெச்சாரு. அந்தப் பாவாடை அளவு எவ்வளவு சரியா இருந்துச்சு தெரியுங்களா? புள்ளையைத் தினமும் பார்க்கற எனக்கே அப்படி எடுக்க வராது.

சரி, விடுங்க.

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் கடைசியா, "இனி எஞ்சினைப் பிரிச்சாத்தான் தெரியும். இல்லைன்னா ஒரு நாளைக்கு நடுரோட்டுல எஞ்சின் இறுகி நின்னுக்கும்"னுட்டாரு. இவரு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு. நான் சண்டை போட்டேன். நல்லாவே போட்டேன். "கொதிக்காத வண்டியை எதுக்கு விக்கறீங்க? பால் பொங்கறதுக்கே அஞ்சு நிமிசம் ஆகுது. அடுப்புல வெச்ச கையோட பொங்குச்சுன்னா அது பாலுங்களா? முள்ளு கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள உச்சிக்குப் போவுதே, அவ்வளவு தண்ணியும் அதுக்குள்ள எப்படி மாமா கொதிக்கும்?"

அவரு சொன்னாரு, "சாரத்து மேல நிக்கறப்ப போன் அடிச்சா கம்பியைப் போட்டுட்டு எடுக்கறேன் இந்து. நீ ரெண்டு புள்ளைங்களோட ரோட்டுல நிக்கறியோன்னு. கீழ பார்க்கவே பயமா இருக்கு."

நானே வண்டியைத் தொடைச்சு வாசல்ல நிறுத்தினேங்க. படத்தை எடுத்து அவரு போன்ல போட்டாரு. நீங்க பார்த்தீங்க, வந்துட்டீங்க.

ஆனா எனக்கு மனசு ஒப்பலை. விக்கறதுக்குள்ள நான் பார்த்துடறேன்னு எறங்கினேன். மொதல்ல, ஒரு மத்தியானம் வெளக்கு எரியறப்பவே நிறுத்தி, வண்டி முன்னாடி மூடியைத் தூக்கி, மேல வர்ற ரப்பர் குழாயைத் தொட்டேன். சுட்டுச்சு, ஆனா தொட முடிஞ்சுது. கொதிக்கற தண்ணி போற குழாயைத் தொட முடியுங்களா? சின்னவளுக்குக் காய்ச்சல் பார்க்கற தெர்மாமீட்டரை அது மேல வெச்சுக் கட்டிக்கூடப் பார்த்தேன். நூத்தியெட்டுக்கு மேல போகவே இல்லை. அப்புறந்தான் பார்க்கறேன், அதுல நூத்தியெட்டுக்கு மேல கோடே கெடையாது. சிரிக்காதீங்க. முயற்சி பண்ணினேனில்ல?

அப்புறம் போன மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை. ராத்திரி பூரா மழை. காத்தால வெயிலு வந்துச்சு, மொளகா காயப்போடலாம்னு வாசல்ல இடம் பண்ண வண்டியை நகர்த்தப் போனேன். சாவியைத் திருகறேன், எஞ்சினைக் கெளப்பக்கூட இல்லை, முள்ளு சர்ருன்னு உச்சிக்கு. வெளக்கு எரியுது. எறங்கி மூடியைத் தூக்கி எஞ்சின் மேல கையை வெச்சேன். மண்பானை மாதிரி சில்லுன்னு இருக்கு. ராத்திரி பூரா மழையில நனைஞ்சு நின்ன வண்டிங்க! அதைப் போயிக் கொதிக்குதுங்குதே இந்த முள்ளு!

அப்பவே தெரிஞ்சுபோச்சு. எஞ்சினுக்கு ஒண்ணுமில்லை. சேதிதான் பொய்யி.

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் ஒவ்வொரு தடவையும் எஞ்சின்ல ஒரு பித்தளைக் குமிழ்ல இருந்து ஒரு ஒத்தை வயரைப் புடுங்கிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாரு. நான் ஒருக்கா கேட்டேன், இது என்னண்ணான்னு. "தண்ணியோட சூட்டை முள்ளுகிட்டப் போய்ச் சொல்ற வயரு"ன்னாரு. கேள்விக்குப் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். அது ஞாபகம் வந்துச்சு. நான் அந்த வயரைப் புடுங்கினேன். இப்ப முள்ளு என்ன பண்ணணும்? சேதி சொல்ல ஆளில்லை, கீழ எறங்கிப் படுத்துக்கணும். போயிப் பார்க்கறேன், அங்கயே நிக்குதுங்க! உச்சியில! வெளக்கும் எரியுது!

நான் யோசிச்சேன். சேதி சொல்றவ ஊர்லயே இல்லை, ஆனா சேதி மட்டும் வந்துட்டே இருக்குதுன்னா என்ன அர்த்தம்? நடுவுல எவளோ உக்காந்துட்டு மூட்டி விடறா. இது நம்ம சொந்தபந்தத்துல தினமும் நடக்கறதுதானே? வயரும் அப்படித்தான். குமிழுக்கும் முள்ளுக்கும் நடுவுல எங்கயோ கோளாறு.

வயரைக் கையால தடவிக்கிட்டே போனேன். குழாயை ஒட்டிப் போச்சு, நாலஞ்சு வயருங்களோட சேர்ந்து முன்பக்கம் போச்சு, ரேடியேட்டருக்கு முன்னால, வண்டி மூக்குக்குப் பின்னாடி போச்சு. அங்க...

அங்க ஒரு கம்பிங்க. முறுக்கின கம்பி. வயரோட தோலை அறுத்துட்டு உள்ள இருக்கற செம்பைக் கவ்வி இருக்கு. கம்பியோட மறுமுனை வண்டியோட இரும்புச் சட்டத்தைச் சுத்தி இருக்கு. அந்த வயரு இரும்பைத் தொட்டுட்டா முள்ளு உச்சிக்குப் போயிருமாம். பம்புசெட்டுக்கு வயரிங் பண்றவர்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். யாரு வண்டின்னு சொல்லலை.

யாரு கட்டின கம்பியா? என்னங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க. முறுக்கைப் பார்த்தாலே தெரியுமே. கண்ணு விடலைன்னு ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கூட்டி முறுக்கினது, மொதல்ல நாலு. எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

சிரிங்க, சிரிங்க. மோரு பொரையேறிரப் போவுது.

நான் ஒத்துக்கறேன், வயரை அறுத்தது கம்பிதான். ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க. நங்கையா அன்னிக்கு அப்படி இழுத்துப் பேசலைன்னா நான் எதுக்குங்க கம்பியை எடுக்கப் போறேன்? அப்ப மூலம் எங்க இருக்கு? இன்னொண்ணு, அந்தப் படிகாரம் இல்லைன்னா இதைவிடப் பெருசா ஏதாச்சும் வந்திருக்கும். வயரோட போச்சேன்னு நெனைச்சுக்கணும். இப்பவும் கட்டித்தான் வெச்சிருக்கேன். நைலான் கயித்துல. பின்பக்கம்.

கம்பியை அவுத்ததும் முள்ளு தொபுக்குன்னு விழுந்துச்சு. திரும்ப வெச்சுப் பார்த்தேன், ஏறுச்சு. அவுத்தேன், விழுந்துச்சு. மூணு தடவை பண்ணிப் பார்த்தேன், எனக்கே வெளையாட்டா இருந்துச்சு. அப்புறம் செம்பைத் தொடைச்சு, இன்சுலேசன் டேப்பை நல்லா இறுக்கச் சுத்தி, குமிழ்ல வயரை மாட்டி விட்டேன். பன்னெண்டு நாளாச்சு. உச்சி வெயில்ல ஏ.சி. போட்டு வெள்ளக்கோவில் போயிட்டு வந்தேன். அம்மா வீட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். வேகத்தடை மேல வேணும்னே தடதடன்னு ஏத்தினேன். முள்ளு நடுவை விட்டு நகரலை. கண்ணு பட்டுருமேன்னு சொல்லவே பயமா இருக்கு, அவ்வளவு அருமையா ஓடுது.

அவருகிட்டச் சொன்னேனே! "மாமா, வண்டி சரியாயிருச்சு"ன்னு சொன்னேன். "ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாளு சரியாத்தான் இருந்துச்சு"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. எப்படிச் சரியாச்சுன்னு அவரு கேக்கலை. கேக்காததுக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது?

ஆமாங்க, நானாச் சொல்லலாம். மூணு தடவை வாயைத் திறந்தேன். கம்பின்னு சொன்னதும் அவரு என்ன சொல்லுவாரு? "அக்காவுக்குப் போன் போடு"ம்பாரு. போட்டு மன்னிப்புக் கேக்கணும். கேக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லை. நங்கையா அதுக்கப்புறம் ஒவ்வொரு நோம்பிக்கும் ஒறம்பரையை உக்கார வெச்சு, "எங்க இந்துமதி இருக்கறாளே"ன்னு ஆரம்பிப்பாங்களே, அதை நெனைச்சாத்தான். நங்கையாகிட்ட நான் பேசிக்கறேன், பேசமாட்டேன்னு சொல்லலை. அந்தப் பாவாடையைப் புள்ளைக்குப் போட்டுக் கூட்டிட்டு நானே ஓட்டிட்டுப் போறேன், போதுமா? ஆனா அதுக்கும் வண்டி வேணுமில்ல!

என்னங்க, யாருக்குப் போன் போடறீங்க? வீட்டுக்கா? பேசுங்க, பேசுங்க.

அய்யோ, என்ன சொல்றீங்க நீங்க? "நல்ல வண்டி, ஓட்டறவங்களே சொல்றாங்க, முடிச்சுட்டு வந்தர்றேன்"னா? வையுங்க, வையுங்க போனை! நான் எதுக்கு இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசினேன்? வண்டிக்கு ஒண்ணுமில்லை, அதனால விக்க வேண்டியதில்லைன்னு சொல்றதுக்குங்க. நீங்க பாதியை மட்டும் எடுத்துக்கிட்டீங்களே! வாயைத் திறக்காதன்னு அவரு சொன்னது சரிதான் போல.

உங்க வீட்டுல ஓட்டறதுக்கா? அவங்களா ஓட்டப் போறாங்க? உங்க வீட்டம்மா நர்ஸுங்களா? லைசென்ஸ் எடுத்துட்டாங்களா? பார்த்தீங்களா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னொரு டம்ளர் மோரு குடுத்திருப்பேன். அவங்களுக்கு நல்ல வண்டியா நானே பார்த்துத் தர்றேங்கண்ணா. சத்தியமா. ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பட்டறையில இப்பவே ரெண்டு நிக்குது. நான் வந்து குழாயைத் தொட்டு, வயரைத் தடவி, ஒண்ணொண்ணாப் பார்த்துச் சொல்றேன். அவங்களை ஒரு ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாங்க, பின்னாடி எடுக்கறதை நான் சொல்லித் தர்றேன், அதுலதான் எல்லாரும் கம்பத்துல இடிக்கறாங்க.

அதோ, பைக்குச் சத்தம் கேக்குது. அவருதான். சீக்கிரமாவே வந்துட்டாரு, பாருங்க, நான் பேசிருவேன்னு பயம்.

அண்ணா, நான் சொன்னா அவரு நம்பமாட்டாரு. பொண்டாட்டி சொல்றது. தாராபுரத்துல இருந்து பஸ்ஸேறி வந்த ஒரு ஆம்பளை, வண்டியை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னா நம்புவாரு. கம்பியெல்லாம் நீங்க சொல்ல வேண்டாம், அதை நானே எனக்குத் தைரியம் வர்றன்னிக்குச் சொல்லிக்கறேன். அவரு வந்து கையைக் கழுவிட்டு உங்க முன்னால உக்காந்து, "என்னங்க, வண்டி எப்படி?"ம்பாரு. அப்ப நீங்க, "லோகநாதன், இந்த வண்டிக்கு ஒரு கொறையுமில்லை, நம்பி ஓட்டலாம், இதை உங்க வீட்டுல ஓட்டறவங்ககிட்டயே விட்டுருங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்கண்ணா.